டைல்ஸ் முடியும் இடம்

எங்கள் சந்தில் சகாயராணியைப் போல நேராகக் கோடு போடுகிற ஆள் கிடையாது. ஸ்கேல் வேண்டாம், நூல் பிடிக்க வேண்டாம். கரீம் பாட்சா பாயின் தையல் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு மார்க்கிங் வேலை. துணியை மேசையில் விரித்து, அளவு அட்டையை மேலே வைத்து, சாக்பீஸை எடுத்து ஒரே இழுப்பு. அந்தக் கோட்டின் மேல் கத்தரி போகும். கோட்டுக்கு அரை அங்குலம் உள்ளே தள்ளித் தையல் போகும். அந்த அரை அங்குலத்தைத் தையலுக்கு விடுவது என்பார்கள். விடாமல் வெட்டினால் துணி பாழ். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதை மறந்தது ஒரே ஒரு நாள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எதிர்வீட்டுக்காரி. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மாதா கோயிலில் அன்பியம் என்கிற எங்கள் ஜெபக்குழுவின் நோட்டும் என்னிடம்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வகுப்பில் ‘எல்லை’ என்று எழுதினால் “பார்டரா டீச்சர்?” என்று கேட்பார்கள். ‘வரம்பு’ என்றால் முழிப்பார்கள். வயலையே பார்த்திராத பிள்ளைக்கு வரப்பைச் சொல்லி வரம்பை எப்படி விளக்குவது என்று ஒரு நாள் கத்திக்கூட விட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. பத்தடி அறையில் ஆறு பேராக வளர்கிற பிள்ளைகளுக்கா வரம்பு தெரியாது? அம்மா “திரும்பிக்க” என்று சொன்னால் அப்பா, மாமா, தம்பி எல்லோரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். “ஆச்சு” என்று அவள் சொல்லும்வரை ஒரு தலை திரும்பாது. “துணி மாத்துதேன்” என்றால் கதவு திறந்தே கிடந்தாலும் யாரும் உள்ளே வர மாட்டார்கள். எங்களுக்குச் சுவர் கட்ட இடமில்லை. சொல்லை வைத்துத்தான் அடைத்துக்கொள்கிறோம். பாடப்புத்தகத்தில் இருக்கிற சொல் வேறு, அவ்வளவுதான்.

சகாயராணிக்கு ஒரு காலத்தில் சொல்லும் போதவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் ஆன்றோ மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. மாமனார் வாங்கிப்போட்ட வீடு, பத்தடி அகலம், இருபதடி நீளம். அதில் ஆன்றோவின் தம்பி சிங்கராயர், அவர் மனைவி ரீனா, மகள் அனிஷா, இவள். ஆன்றோ இறந்து ஒரு வருடம் இருக்கும். இவள் பட்டறைக்குப் போயிருந்த நேரம், அனிஷா படிக்க மேசை போடவேண்டும் என்று இவளுடைய கட்டிலைத் தூக்கிக் கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். கெட்ட எண்ணமில்லை. கேட்கவில்லை, அதுதான் குற்றம்.

சாயங்காலம் வந்தவள் கட்டிலைப் பார்த்தாளாம். பையிலிருந்து டேப்பை எடுத்தாள். வாசலிலிருந்து பின்சுவர்வரை அளந்தாள். சரியாகப் பத்தாவது அடியில், குறுக்கே, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள். “முன்பாதி ஒங்களுக்கு. பின்பாதி எனக்கு” என்றாள்.

“நாங்க மூணு பேரு மைனி” என்றார் சிங்கராயர்.

“ஒங்க அண்ணன் ஒரு பங்கு. நீங்க ஒரு பங்கு” என்றாள்.

அடுத்த வாரம் அந்தக் கோட்டில் மூன்று பிளைவுட் பலகை ஏறியது. கூரைவரை அடைத்தாயிற்று. பின்சுவரை உடைத்துப் பின்சந்தைப் பார்த்து இவளுக்கு ஒரு கதவு வைத்தார்கள். தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு. சிங்கராயருக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. தன் பாதிக்கு நீல டைல்ஸ் போட்டார். கடைசி வரிசையில் முழு டைல்ஸ் வைத்தால் நான்கு விரல் அந்தப் பக்கம் நீளும் என்று கொத்தனார் சொன்னதும், “ஒவ்வொண்ணையும் வெட்டிப் போடு. ஒரு விரல் மைனி பக்கம் போவக் கூடாது” என்று கூடவே நின்று வெட்டவைத்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு இரண்டு நாள் தலைவலி.

எட்டு வருடம் பேச்சு இல்லை. அக்டோபரில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். ஜெபமாலை சொல்லி மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம். வீட்டு வரிசையை நோட்டில் எழுதுவது நான். சிங்கராயர் வீட்டில் முன்வாசலில் ஏறி இறங்குகிற மாதா, ஓர் அங்குலம்கூட இல்லாத பலகைக்கு அந்தப் பக்கம் போக, குழாயடி தாண்டி, கோழிக்கடை தாண்டி, பின்சந்தைச் சுற்றிவர வேண்டும். மழை பெய்திருந்தால் சாக்கடைத் தண்ணீரில் நடை. அந்த அம்மாவுக்கும் எங்கள் சந்துச் சண்டை நன்றாகத் தெரியும் என்று நான் புலம்பாத வருடமில்லை.

போன வருடம் ஆகஸ்டில் ரீனாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சிங்கராயரும் அனிஷாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ரீனா தண்ணீர் எடுக்க எழுந்து, முடியாமல் முனகியிருக்கிறாள். பலகைக்கு அந்தப் பக்கம் சகாயராணிக்குக் கேட்டது. தட்டினாள்.

“ரீனா, வரவா?”

எட்டு வருடத்தில் முதல் பேச்சு அதுதான். ரீனா அழுதுகொண்டே “வாங்கக்கா” என்றிருக்கிறாள். சகாயராணி பின்சந்தைச் சுற்றி ஓடிவந்தாள். அதன்பிறகு இருபது நாள் கஞ்சி வைத்ததும், கட்டு மாற்றக் கூட்டிப்போனதும், முதுகு தேய்த்துவிட்டதும் அவள்தான்.

அக்டோபர் வந்தது. “மாதா இந்த வருசமும் சாக்கடையைச் சுத்தணுமாக்கா? எடுத்துருவோமே” என்று ரீனாதான் கேட்டாள். சிங்கராயர் தன் கையாலேயே ஆணி பிடுங்கினார். மூன்று பலகையில் இரண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. நடுப்பலகையைக் கரீம் பாட்சா பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். மழையில் ஊறி உப்பிய மார்க்கிங் மேசைக்கு அதையே மேல்பலகையாக்கினார். சகாயராணியின் அடுப்பு பரணுக்கு ஏறியது. பின்கதவை அடைத்து அனிஷாவின் அலமாரியை வைத்தார்கள். சகாயராணியே என்னிடம் வந்து, “டீச்சர், என் பேரை அடிச்சிருங்க. நாங்க ஒண்ணா வச்சிக்கிடுதோம்” என்றாள். நோட்டில் அவள் பெயரை அடித்தேன். சந்தோஷமாகத்தான் அடித்தேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். பலகை போனாலும் டைல்ஸ் ஓரம் அப்படியே இருந்தது. இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் வெறும் சிமெண்ட். ரீனா அந்த ஓரத்துக்கு வந்ததும் நின்று “அக்கா, வரவா?” என்பாள். சகாயராணியும் அப்படித்தான். நடுவில் காற்றைத் தவிர எதுவுமில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பார்கள்.

நவம்பர் மூன்றாம் வாரம் கணக்கெடுப்பு எங்கள் பக்கம் வருகிறது என்று செய்தி வந்தது. பக்கத்துச் சந்தில் கதவுகளுக்கு நம்பர் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது இந்தக் கணக்கை வைத்துத்தான் புது வீடு கொடுப்பார்கள் என்று பேச்சு. ஆளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். தனிக் கதவு, தனி அடுப்பு, கூரைவரை சுவர் இருந்தால் இரண்டு வீடு, இல்லாவிட்டால் ஒன்று என்று குழாயடியில் முடிவு கட்டினார்கள். சரியா தப்பா என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும் பதில் ஆளுக்கு ஆள் மாறியது.

அந்த வாரம்தான் சகாயராணி தப்பு செய்தாள். பள்ளிப் பாவாடை ஆர்டர். நாற்பது பாவாடைக்குத் தையலுக்கு விடாமல் கோடு போட்டுவிட்டாள். கத்தரியும் போய்விட்டது. கரீம் பாட்சா பாய் திட்டவில்லை. துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ராணிம்மா, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?” என்று மட்டும் கேட்டாராம். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள்.

அன்றைக்கு வேலைவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. கையில் இருந்த சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“டீச்சர், ஒண்ணா எழுதிட்டாவன்னா நான் யாரு?”

“உன் பேரும் எழுதுவாங்கல்ல?”

“எழுதுவாவ. சிங்கராயர் வீட்ல கூட இருக்க பொம்பளன்னு எழுதுவாவ. இன்னைக்கு ரீனா நல்லாத்தான் இருக்கா. நாளைக்கு அனிஷாவுக்குக் கல்யாணம் ஆவும். மருமவன் வருவான். பேரப்பிள்ளைய வரும். எங்க படுக்கச் சொல்லுதாவளோ அங்க படுக்கணும். ஒரு தடவ கட்டில நவட்டினதுக்கே எட்டு வருசம் பேசல. அடுத்த தடவ நவட்டுனா எந்தக் கோட்டக் காட்டி நான் பேசுவேன்?”

நோட்டில் அவள் பெயரை அடித்தது நான்தான். அதற்கும் கணக்கெடுப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் நெஞ்சில் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டில் பேச்சு. என்னையும் கூப்பிட்டார்கள். பலகையைத் திரும்ப அடிக்க வேண்டும் என்று சகாயராணி சொன்னதும் ரீனாவின் முகம் சுருங்கிவிட்டது.

“நான் கையப் பிடிச்சி எடுக்கச் சொன்னேன். இப்ப மறுபடி அடைக்கணும்ங்கிய. என் மேல நம்பிக்க இல்லன்னு சொல்லுங்களேங்க்கா.”

“ஒன் மேல நம்பிக்க இருக்கு. எழுதுத பேப்பர் மேலதான் இல்ல.”

“வச்சபெறவு யாரு எடுப்பா? நீங்க எடுப்பியளா?” என்றாள் ரீனா. சகாயராணி தரையைப் பார்த்தாள்.

சிங்கராயருக்கு வேறு பயம். “பொய்யின்னு கண்டுபிடிச்சா ரெண்டும் போயிரும் மைனி. அனிஷாவ வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?” பலகை வைத்தால் பயம், வைக்காவிட்டாலும் பயம். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கும் தொற்றிக்கொண்டது.

“எட்டு வருசம் இருந்தது நெசம் தம்பி. இல்லாம இருந்தது ஒண்ணர மாசம். எத எழுதணும்?” என்றாள் சகாயராணி.

பிறகு ரீனா எழுந்தாள். ஆபரேஷன் செய்த வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் பின்கதவை அடைத்திருந்த அலமாரியை இழுக்க ஆரம்பித்தாள். சிங்கராயர் ஓடிப்போய்ப் பிடித்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை.

நடுப்பலகை பட்டறையில் அல்லவா இருந்தது? சகாயராணியோடு நானும் போனேன். கரீம் பாட்சா பாய்க்குப் பட்டறை மாடியில். மாடியைக் கணக்கில் எடுப்பார்களா என்று அவருக்கே நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் மேசைமேல் இருந்த துணியையெல்லாம் அள்ளித் தரையில் போட்டார்.

“எடுத்துக்கிட்டுப் போங்க ராணிம்மா. நாங்க கீழ விரிச்சு வெட்டிக்கிறோம். ஒங்களுக்காவது திரும்ப வைக்க ஒரு பலகை இருக்கு” என்றார்.

துணி போனதும்தான் நானும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் டேப் பிடிக்க வேண்டாம் என்று, சகாயராணி மேசையிலேயே மார்க்கர் பேனாவால் அளவுக்கோடுகள் போட்டு வைத்திருந்தாள். 28, 30, 32 என்று பக்கத்தில் நம்பர். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். தின்னர் போட்டுத் தேய்த்தோம். மங்கியதே தவிர அழியவில்லை. வேறு பலகை வாங்கி அடிக்கலாம் என்றால், புதுப் பலகை இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கோடு போட்ட பக்கத்தை சகாயராணியின் பாதிக்குத் திருப்பி, பழைய ஆணித் துளைகளிலேயே ஆணி அடித்தார் சிங்கராயர். அதன்மேல் கோயில் காலண்டரை மாட்டி, பக்கத்தில் ஒரு சேலையைத் தொங்கவிட்டார்கள்.

திங்கள் வந்தது, அவர்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. சகாயராணி வேலைக்குப் போகவில்லை. பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகை வழியாகக்கூடப் பேசிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ரீனா தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு தும்மினாள். சண்டை போட்ட காலத்தில்கூட அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். நான் லீவு போட்டிருந்தேன். வந்தனா என்று கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் சிவப்புப் புள்ளி விழுகிற அளவுக் கருவி. கூட ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு. முதலில் சிங்கராயர் பாதி. அளந்தார்கள், பேப்பர் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு பின்சந்தைச் சுற்றி சகாயராணியிடம். அவள் கேட்டுக்கொண்டபடி நானும் கூடப் போய் வாசலோரம் நின்றேன். பேச்செல்லாம் இந்தியில்தான். என் தமிழில் எழுதுகிறேன்.

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான் ஒருத்திதான்.”

வந்தனா அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் சோற்றுப் பானை. நான் அப்போதுதான் கவனித்தேன், அது பெரிய பானை. ஒன்றாகச் சமைத்த பழக்கத்தில் சகாயராணி நாலு பேருக்கு உலை வைத்திருந்தாள்.

“ஒருத்திக்கு இவ்வளவு சாதமா?”

“நாளைக்கும் சேர்த்து” என்றாள் சகாயராணி.

வந்தனா பேப்பர்களைக் கேட்டாள். ரேஷன் கார்டைப் பார்த்தாள். ஆன்றோவின் இறப்புச் சான்றிதழைப் பார்த்தாள். கருவியைச் சுவரில் பிடித்தாள். அவள் முகமெல்லாம் வேர்வை. நவம்பரென்று பெயர்தான், எங்கள் பின்சந்தில் காற்று வந்ததே கிடையாது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “ஃபேன் போடுங்க அக்கா” என்றாள்.

சகாயராணி அசையவில்லை. என்னைப் பார்த்தாள். ஃபேன் பழுது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் பெயிண்ட் டப்பாக்காரர் தானே கையை நீட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டார்.

ஃபேன் ஒரு சுற்று, இரண்டு சுற்று. சேலை விலகியது. காலண்டர் படபடவென்று அடித்து மேலே தூக்கியது. பலகையில் நீளநீளமாகக் கோடுகள். 28. 30. 32.

“இது என்ன?”

பலகைக்கு அந்தப் பக்கம் ரீனா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

சகாயராணி எட்டிக் காலண்டரைப் பிடித்தாள். பிறகு ஃபேனை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பட்டறை மேசை என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டுவந்து அடித்தோம் என்று சொன்னாள். எட்டு வருடம் இங்கேயே இருந்த பலகை என்றும், அக்டோபரில் மாதா வந்தபோது சமாதானமாகி எடுத்தோம் என்றும், கணக்கெடுப்பு என்றதும் பயந்து வைத்தோம் என்றும் சொன்னாள். எதையும் விடவில்லை. சோறுகூட நாலு பேருக்கு வைத்ததுதான் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அவள் வாயைப் பொத்தவேண்டும்போல இருந்தது.

“பலகை இப்ப வச்சதுதான் மேடம். ஆனா இது என் வீடு. பாதி. அளந்து போட்டது நான்.”

வந்தனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் பாவம், ஒரு நாளைக்கு எத்தனை வீட்டில் எத்தனை அழுகை கேட்பாளோ. கருவியைப் பையில் வைத்தாள். “மறுபடி முன்பக்கம் போகணும்” என்றாள்.

எல்லோரும் சுற்றி நடந்தோம். சகாயராணி செருப்புப் போட மறந்து, வெறுங்காலோடு சாக்கடை ஓரம் வந்தாள். முன்வீட்டில் சிங்கராயர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். வந்தனா நேரே பலகை அடிக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டைல்ஸ் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை போனாள். வெட்டின டைல்ஸ் பதினைந்தும் ஒரே நேர்கோட்டில். இடுக்கெல்லாம் எட்டு வருட அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது.

“இதை யார் இப்படி வெட்டினது?”

சிங்கராயர் சுவரைவிட்டு முன்னால் வந்தார். “நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“ஏன்? முழு டைல்ஸ் போட்டிருக்கலாமே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் முன்னால், மனைவி முன்னால், மைனி முன்னால் அந்த மனுஷன் சொன்னார்: “கோபத்தில். அண்ணி பக்கம் ஒரு விரல்கூடப் போகக்கூடாது என்று.”

வந்தனா எழுந்தாள். டைல்ஸ் ஓரத்தை இரண்டு படம் எடுத்தாள். நெடுநேரம் போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ரீனா சகாயராணியின் கையைப் பிடித்திருந்தாள்.

பின்கதவில் தனி நம்பர் விழுந்தது. பெயிண்ட் ஈரம் காய்வதற்குள் சகாயராணி அதைத் தொட்டுப் பார்த்து விரலைச் சிவப்பாக்கிக்கொண்டாள். நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தும் இருந்தது. அது என்ன என்று வந்தனாவிடம் கேட்டேன்.

“மேலதிகாரிங்க இன்னொரு தடவை வந்து பார்ப்பாங்க. அதுவரைக்கும் இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். சுவர், கதவு, அடுப்பு எதையும் மாத்தாதீங்க. மாத்தினா நான் எழுதினது பொய்யாயிடும், என் வேலையும் போயிடும்.”

“எப்போ வருவாங்க?”

“தெரியாது” என்றாள். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர்கள் போனதும் அந்தச் சோற்றை ரீனா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு. சகாயராணி இரண்டு தரம் பானையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தாள். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அதன்பிறகு பதினொரு மாதமாகிறது. யாரும் வரவில்லை. வருவார்கள் என்று டிசம்பரில் சொன்னார்கள். பிறகு ஈஸ்டருக்கு அப்புறம் என்றார்கள். மழைக்கு அப்புறம் என்றார்கள். பின்சந்தில் தெரியாத ஆள் யாராவது கையில் பேப்பரோடு நடந்தால் சகாயராணி எழுந்து நின்றுவிடுகிறாள். பலகையில் ஓர் ஆணி தளர்ந்தாலும் சிங்கராயர் உடனே அடிக்கிறார், முன்னைவிடப் பெரிய ஆணி. சமையல் தனித்தனி ஆகிவிட்டது. கொதிக்கிற குழம்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் சந்தைச் சுற்றமுடியும்? ரீனா முதலில் தினமும் போனாள். பிறகு ஞாயிறு மட்டும். பலகையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டலாம் என்று அனிஷா சொன்னபோது, பெரியவர்கள் மூன்று பேரும் ஒரே குரலில் “வேண்டாம்” என்றார்கள். பயம்.

இந்த அக்டோபரில் நோட்டை எடுத்துக்கொண்டு நான் சகாயராணி வீட்டுக்குப் போனேன். கேட்கவே சங்கடமாக இருந்தது. அவளே சொன்னாள்.

“ரெண்டா எழுதுங்க டீச்சர். யாராவது வந்து நோட்டப் பாத்தாலும் பாப்பாவ.”

நோட்டை எவன் பார்க்கப் போகிறான் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. போன வருடம் அடித்த பெயரை இந்த வருடப் பக்கத்தில் புதிதாக எழுதினேன்.

முந்தாநாள் மாதா சிங்கராயர் வீட்டில். நேற்று சாக்கடையைச் சுற்றிக்கொண்டு சகாயராணி வீட்டுக்கு. அவள் பாதியில் ஏழு பேர் உட்கார்ந்தாலே முட்டி இடிக்கும். அதனால் ரீனா வீட்டார் தங்கள் பக்கமே பலகையோரம் உட்கார்ந்துகொண்டார்கள். ஜெபமாலையில் மந்திரத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல வேண்டும், பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். முன்பாதி சகாயராணி. அவள் சொல்லி முடித்ததும் எங்கள் குரலோடு பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று குரலும் வந்து சேர்ந்தது. சொரூபத்துக்குப் பின்னால் அதே பலகை. இப்போது சேலை இல்லை. 28, 30, 32 என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது.

ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளில் பாதி போயிருக்கும். சகாயராணி நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. மணியை விரலில் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

பிறகு பலகையில் மெதுவாகத் தட்டும் சத்தம்.

“அக்கா, வரவா?”

“எப்படி வருவ?” என்றாள் சகாயராணி. “சுத்தில்லா வரணும்.”

“சுத்தி வாறேன்.”

அந்தப் பக்கம் கதவு திறந்தது. ரீனாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது, குழாயடிப் பக்கம் கேட்டது, கோழிக்கடைக்கு அப்பால் கேட்காமல் போனது. அவள் வந்து சேரும்வரை நாங்கள் யாரும் அடுத்த மணியை ஆரம்பிக்கவில்லை.